பாலத்துக்கு அடியில் சொன்னது

1

இந்தக் கதை என் மாமனாருடையது. அவர் கொடுத்தது பாதி, நான் பிடுங்கியது பாதி. அவர் சிவில் எஞ்சினியர். அதற்கு முன், போரின்போது, ராணுவத்தில் பாலம் கட்டவும் தகர்க்கவும் பழகிய பிரிவில் அதிகாரி. முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

'குண்டுமழை பொழிந்த அந்த மாலையில், வானம் ரத்தச் சிவப்பாக…'

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"மாப்ள, அன்னிக்கு ஒரு குண்டுகூட விழல. மணி நாலு. நல்ல வெயில்."

அடித்துவிட்டேன்.

2

மணி நாலு. நல்ல வெயில். ஆற்றின் ஒரே பாலத்தை வெடி வைத்துத் தகர்க்க அவருக்கு உத்தரவு. அக்கரைச் சாலையில் எதிரிப்படை வந்துகொண்டிருந்தது. ஆனால் அதே பாலத்தில்தான் ஜனங்களும் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக இக்கரைக்கு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். உத்தரவை மீறி இருபது நிமிடம் தாமதித்தார். அக்கரை வளைவில் வண்டிகளின் புழுதி தெரிந்தது. பாலம் காலியான ஒரு நொடி பார்த்து விசையை அழுத்தினார்.

(அப்போது அவர் மனதில் என்ன ஓடியது என்று ஒரு நீண்ட பத்தி எழுதியிருந்தேன். "ஒண்ணும் ஓடல. காது அடைச்சிருந்துச்சு" என்றார். பத்தி போயிற்று.)

3

போர் முடிந்து ஆறாம் வருடம், அதே இடத்தில் புதுப் பாலம் கட்ட அவரே போனார். இங்கே எனக்கு உதைத்தது. காதில் பூ சுற்றுகிறான் என்று வாசகர்கள் சொல்ல மாட்டார்களா?

"மாமா, இந்தத் தற்செயல் கொஞ்சம் ஓவரா இருக்கே?"

"என்ன தற்செயல்? ரெண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி நானே கேட்டு வாங்கின வேலை."

அங்கே ஆற்றைக் கடக்க ஒரு படகுதான். படகுக்காரர் போருக்கு முன்னால் பஸ் டிரைவர். ஆற்றின் சுழியும் மணலும் அவருக்கு அத்துப்படி. எஞ்சினியர் ஆழம் பார்க்க அவரையே சேர்த்துக்கொண்டார். மூன்றாம் நாள், ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் இறக்கியபடியே படகுக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்:

"எங்கம்மா அக்கரையில மாட்டிக்கிட்டாங்க சார். முட்டிவலி, வேகமா நடக்க முடியாது. பாலத்துக்கிட்ட வர்றதுக்குள்ள பாலம் போச்சு. நான் இங்க நின்னு கத்துறேன், அவங்க அங்க நின்னு 'போ, போ'ன்னு கையை ஆட்டுறாங்க. படகு கிடைக்க ரெண்டு நாளாச்சு. போய்ப் பார்த்தா ஆளக் காணோம். படகு இருக்கேன்னு ஜனங்க ஏறிக்கிட்டாங்க, நானும் ஓட்டிக்கிட்டே இருந்துட்டேன்." கயிற்றை இழுத்தார். "பதினாலு அடி. எழுதிக்கோங்க."

எஞ்சினியர் எழுதிக்கொண்டார்.

4

அந்தப் பாலத்தைத் தகர்த்தது தான்தான் என்று எஞ்சினியர் மூன்று வருடம் சொல்லவில்லை. இருவரும் ஒரே கேரியரில் சாப்பிட்டார்கள். பாலம் வந்தால் படகு ஓடாது என்று, படகுக்காரருக்குப் பாலப் பராமரிப்பில் வேலை கேட்டு மேலிடத்துக்கு எழுதினார், கிடைத்தது. ஆனாலும் உறுத்தல் என்பது

(இல்லை, கட்டுரை வேண்டாம்.)

"சொல்லத்தான் நினைப்பேன். வாயைத் திறந்தா, சிமென்ட் வந்துச்சான்னு கேட்டுடுவேன்" என்றார்.

5

திறப்பதற்கு முன் பாலத்தில் பாரம் ஏற்றிச் சோதித்தார்கள். மணல் நிரப்பிய எட்டு லாரிகள் மேலே வரிசையாக வந்து நின்றன. எஞ்சினியர் கீழே இறங்கி, பாலத்துக்கு நேர் அடியில் நின்றார்.

"அங்க எதுக்கு சார்?" என்று கரையிலிருந்து கத்தினார் படகுக்காரர்.

"நான் கட்டினது. நான்தானே நிக்கணும்?"

அவரும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். அப்போதுதான் சொன்னார் எஞ்சினியர்:

"அன்னிக்கு விசையை அழுத்தினது நான்தான்."

படகுக்காரர் அவரையே பார்த்தார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

'எனக்கு முதல் நாளே தெரியும் சார்' என்று எழுதிப் பார்த்தேன், சினிமா. 'இருபது நிமிஷத்துல எத்தனை பேர் பிழைச்சாங்க' என்று எழுதினேன், மன்னிப்பு மலிவாகிவிட்டது. பேசாமல் போய்விட்டதாக எழுதினேன்.

"போகல," என்றார் மாமா. "கடைசி லாரி இறங்குற வரைக்கும் என்கூடவே நின்னார்."

"அப்போ என்னதான் சொன்னார்?"

"அது எனக்குச் சொன்னது, மாப்ள."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்த வாக்கியத்துக்கான இடம் இதோ, காலியாகவே இருக்கிறது. மேலே எட்டு லாரிகள் நிற்கின்றன. படகுக்காரர் வாயைத் திறக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.