கம்பி கொதித்த தண்ணீர்

மார்வா சட்டியின் மூடியைத் திறந்து, கரண்டிக் காம்பால் கம்பிகளைத் திருப்பிப் போட்டாள். சுருட்டிப் போட்ட நான்கு கம்பிகளும் கொதிநீரில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன. தண்ணீர் அதற்குள் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம்.

வேலிக்கு அந்தப் பக்கம் மிஸ் ஜெம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதாவது, காய்ந்த துணியையே எடுத்து மறுபடி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கொடியடியில் நின்றால்தான் மார்வாவின் சமையலறை முழுதாகத் தெரியும்.

“சட்டியில என்னடி வேகுது? வாசனை ஒரு மாதிரி இருக்கே.”

“கம்பி.”

“என்ன கம்பி?”

“அப்பா பேஸ் கிட்டாரோட கம்பி, மிஸ் ஜெம். கொதிக்க வெச்சா புதுசு மாதிரி ஆயிடும்னு போன்ல ஒருத்தன் காட்டுனான்.”

“ஞாயித்துக்கெழம சோறாக்குற சட்டியாச்சே அது.”

“கழுவிக்கிறேன்.”

“கழுவு, கழுவு,” என்றாள் மிஸ் ஜெம். அந்தச் செய்தி ஜன்னலிலிருந்து சந்து முனைக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை.

மார்வாவின் அப்பா எக்பர்ட் இறந்தது போன வாரம். மாரடைப்பு. வராந்தாவில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அடக்கம் நாளைக்கு. இன்று பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் ஊர் கூடும். வெள்ளை ரம், டாமினோ, வறுத்த மீன், ஆட்டுத்தலை சூப், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் வந்துவிடும். இறந்தவரைப் பற்றி அவர் உயிரோடு இருந்தபோது யாரும் சொல்லாத நல்ல வார்த்தைகளும் வரும். அதற்குள் அவருடைய அறையை மாற்றிப்போட்டாக வேண்டும். கட்டிலின் தலைமாடு கால்மாடாக வேண்டும், கண்ணாடி சுவரைப் பார்க்க வேண்டும், அலமாரி எதிர் மூலைக்குப் போக வேண்டும். செத்தும் திரும்பி வருகிற ஆள் எட்டிப் பார்த்துவிட்டு, இது நம் அறை இல்லை போலிருக்கிறது என்று அவராகவே நடையைக் கட்ட வேண்டும். கிங்ஸ்டனில் படித்தவர்கள் இதையெல்லாம் நம்புவதில்லை. நம்பாமலே செய்துவிடுகிறார்கள்.

மார்வாவும் காலையிலேயே எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். பேஸ் கிட்டார் மட்டும் பாக்கி. அது சுவரில், ஆணியில் தொங்கியது. அதற்கு எதிரே நாற்காலியில் அவள் அம்மா, மிஸ் ஈனா.

எக்பர்ட் ஒரு காலத்தில் ஓட்டல் பாண்டுகளில் வாசித்தவர். கடைசிக் காலத்தில் காது போய்விட்டது. சத்தப்பெட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஆனால் தினமும் மாமரத்து நிழல் வராந்தாவைத் தொடும் நேரத்தில் பேஸை மடியில் வைத்து, அதன் கட்டையில் கொம்புபோல் நீண்ட மேல்முனையில் இடது தாடையை அழுத்திக்கொண்டு வாசிப்பார். வேலிக்கு வெளியே, சந்துக்காரர்களான எங்களுக்கு ஒன்றும் கேட்காது. அவருக்கு எலும்பு வழியாக எல்லாம் கேட்கும். தாடை பட்டுப் பட்டு அந்தக் கொம்பில் மெருகு போய், வெள்ளை மரம் தெரிந்தது.

அவர் இறந்த மறுநாள் அதே நேரத்துக்குச் சுவரில் தொங்கிய பேஸ் முனகியது.

பாட்டெல்லாம் இல்லை. ஒரே ஒரு சுரம், அடியிலிருந்து. காதுக்கு வருமுன் பாதத்துக்குத் தெரிந்தது. மூலைக்கடை ஸ்பீக்கராக இருக்கும் என்று மார்வா நினைத்தாள். அடுத்த நாள் எக்பர்ட்டுக்கு மரியாதையாக மூலைக்கடையே மூடியிருந்தது. பேஸ் முனகியது. அப்படியானால் பெரிய சாலையில் போகும் பேருந்தாக இருக்கும் என்றாள். பேருந்து போன பிறகும் முனகியது. அதன் பிறகு அவள் காரணம் தேடுவதை விட்டுவிட்டாள்.

அம்மா தேடவே இல்லை. அந்த நேரம் வந்தால் எழுந்துபோய், வெள்ளை மரத்தில் தன் தாடையை வைத்துக்கொண்டு, அது நிற்கும்வரை அப்படியே நிற்பாள். மற்ற நேரமெல்லாம் நாற்காலி. சாப்பாடு போனபடியே திரும்பி வந்தது. தேநீர் ஆறியது. கன்னம் ஒட்டி, அம்மாவின் முகத்தில் அப்பாவின் தாடை தெரிய ஆரம்பித்திருந்தது. இப்படியே விட்டால் தோண்டிய குழியை மூட வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று மார்வாவுக்குத் தோன்றியது. அதனால்தான் முடிவெடுத்தாள். இன்றைக்கு நிழல் வராந்தாவைத் தொடுவதற்குள் பேஸ் இந்த வாசலைத் தாண்ட வேண்டும். அம்மா குளிக்கப் போன நேரத்தில் கம்பிகளைக் கழற்றினாள். பளபளவென்று இருந்தால் பேரம் சீக்கிரம் முடியும்.

ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. மத்தியானம் தாண்டியதும் லாசல்ஸும் செபர்ட்டும் வந்தார்கள். ஞாயிறுதோறும் இதே வராந்தாவில் எக்பர்ட்டோடு உட்கார்ந்து, மூன்று பேரும் மூன்று பேஸ்களை ஒப்பிட்டுச் சண்டை போட்டவர்கள். லாசல்ஸின் பேஸ் எவ்வளவு கனம், செபர்ட்டுடையதன் கழுத்து எவ்வளவு கோணல் என்று எங்கள் சந்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். இரண்டு பேரும் மூன்றாவதன் மேல்தான் கண் வைத்திருந்தார்கள். எக்பர்ட் காய்ச்சலில் படுத்தபோதெல்லாம் விலை விசாரித்திருக்கிறார்கள்.

“ரொம்ப வருத்தம்மா மார்வா. தங்கமான மனுஷன்,” என்றார் லாசல்ஸ். பார்வை அவள் தோளுக்கு மேலாக அறைக்குள் போனது.

“மனுஷன் ஆஸ்பத்திரி ஐஸ்பெட்டியில இருக்கான். சுவத்துல என்ன தேடுற?” என்றார் செபர்ட். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“நீ எதுக்கு உன் பேஸத் தூக்கிட்டு வந்தே?”

“பக்கத்துல வெச்சு ஒத்துப் பாக்க. எழவுக்கு வெறுங்கையோட வரச் சொல்றியா?”

கொதித்த கம்பிகளைத் துடைத்துத் திரும்ப மாட்டிவைத்திருந்த பேஸை மார்வா எடுத்துவந்து வராந்தா மேசையில் வைத்தாள். அம்மா தடுக்கவில்லை. வெறும் ஆணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

லாசல்ஸ் ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் கழுத்தின் நீளத்தைப் பார்த்தார். “நூல் புடிச்ச மாதிரி இருக்கு. உன்னுது மாதிரி வாழப்பழம் இல்ல.”

“வாழப்பழத்தத்தான் கல்யாணத்துக்குக் கூப்புடுறானுங்க. உன்னுதத் தூக்க ரெண்டு ஆளு வேணும்.”

“கனமில்லாத பேஸு தரையில நிக்காதுய்யா. பட்டம் மாதிரி போயிடும்.”

“உன் இடுப்பும் போயிடுச்சே.”

லாசல்ஸ் பேஸை மடியில் வைத்தார். வெள்ளை மரத்தில் தாடையைப் பதித்தார். பல வருடம் காத்திருந்த ஆளின் நிதானத்தோடு தடித்த கம்பியை மீட்டினார்.

தகர வேலியில் ஸ்பூனால் தட்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது.

இன்னொரு முறை மீட்டினார். பிறகு பேஸை செபர்ட்டிடம் நீட்டினார். செபர்ட் ஒரு முறைதான் மீட்டினார். மேசையில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

“கம்பிய என்னம்மா பண்ணினே?”

“சுத்தம் பண்ணினேன், மிஸ்டர் செபர்ட். ஒரே பிசுக்கா இருந்துச்சு. கொதிக்க வெச்சு எடுத்தேன்.”

முற்றத்தில் பையன்கள் ஸ்பீக்கர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அது பிசுக்கு இல்லம்மா,” என்றார் செபர்ட். குரல் தணிந்திருந்தது. “நீ பொறக்குறதுக்கு முன்னாடி மாட்டின கம்பி. உங்கப்பன் மாத்தவே இல்ல. தொடைக்கக்கூட விடமாட்டான். அவன் வேர்வ, அவன் தோலு, அவன் தின்ன மீனோட எண்ணெ, அவ்வளவும் உள்ள ஏறிக் கெடந்துச்சு. அந்தச் சத்தம் அதுதான். மரக்கட்டைக்கா நாங்க இத்தன வருஷம் நாக்கத் தொங்கப்போட்டோம்?”

“நல்லாத்தானே கேக்குது?” என்றாள் மார்வா.

“நல்லாத்தான் கேக்குது. வேற எவனோ மாதிரி கேக்குது.”

லாசல்ஸ் எழுந்து நின்றார். “அந்தத் தண்ணி எங்க?”

“சட்டியிலயே இருக்கு. இன்னும் கொட்டல.”

“கொட்டாதடி,” என்று வேலிக்கு மேலிருந்து மிஸ் ஜெம்மின் குரல் வந்தது. “பொணத்தக் குளிப்பாட்டின தண்ணிய சாக்கடையிலயா ஊத்துவோம்? வண்டி கெளம்பினதும் பின்னாலயே வீசணும், அப்பத்தான் ஆளு திரும்பாது. இதும் அதுதானே.”

“உங்கள யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல. அதான் நானே சொல்றேன்.”

மார்வா தலையாட்டினாள். அவளுக்கு நிழல்தான் கவலை. மாமரத்து நிழல் படியின் மேல் ஏறிவிட்டது. வெறும் மரத்துக்கு என்ன விலையோ அதற்கு செபர்ட் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எவ்வளவு என்று சொல்வது மரியாதையில்லை. மார்வா பேரம் பேசவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். லாசல்ஸ் வெள்ளை மரத்தைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவிவிட்டு, வாங்குகிற ஆசையே விட்டுப்போன மனிதராகக் கூடவே நடந்தார். வாசலைத் தாண்டும்போதுகூட இரண்டு பேரும் ஒருவரையொருவர் வம்புக்கு இழுக்கவில்லை. எங்கள் சந்து அதை முதல் முறையாகப் பார்த்தது.

நிழல் வராந்தாவைத் தொட்டது.

மார்வா அறைக்குள் நின்று பாதத்தால் கேட்டாள். ஒன்றுமில்லை. சுவரில் ஆணி, ஆணிக்குக் கீழே பேஸின் உருவத்தில் அழுக்கேறாத சுண்ணாம்பு. அவ்வளவுதான். மூச்சு விட்டாள். மீனும் ரொட்டியும் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

அம்மா தலையைத் திருப்பினாள். சுவர்ப்பக்கம் அல்ல, சமையலறைப் பக்கம். எழுந்து நடந்தாள். மார்வா தட்டோடு பின்னால் போனாள்.

சட்டி அணைந்த அடுப்பின் மேல் இருந்தது. சாம்பல் நிறத் தண்ணீரில், விளிம்பிலிருந்து வட்டங்கள் கிளம்பி நடுவே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. ஒரே அளவாக, ஒன்று முடிந்து இன்னொன்று. எண்ணெய்ப் படலம் பிரிந்து பிரிந்து கூடியது. சிமெண்டுத் தரை பாதத்துக்கு அடியில் அதே ஒற்றைச் சுரத்தைச் சொன்னது. மார்வா ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். பெட்டிகள் அடுக்கி முடியவில்லை. வயர் இன்னும் சுருளாகத் தரையில் கிடந்தது.

“இங்க இருக்காரா,” என்றாள் அம்மா, மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் தெரிந்துவிட்டதுபோல். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டியின் கைப்பிடியில் தாடையை வைத்தாள்.

“அம்மா, வேணாம்மா.”

“சும்மா இருடி.”

கொஞ்ச நேரம் கழித்து மார்வாவே கேட்டாள்: “என்ன சொல்றாரு?”

“என்னத்தச் சொல்லப்போறாரு? பாண்டு வேனு வர லேட்டானா வாசல்ல நின்னு கால் தட்டுவாரே. அப்படித் தட்டுறாரு.” அம்மா தாடையை எடுக்கவில்லை. “இது போற அவசரம்டி. நான் வேற என்னமோன்னு நெனச்சேன்.”

அன்று முற்றத்தில் பாட்டும் சூப்பும் குறைவில்லாமல் நடந்தன. கம்பித் தண்ணீரைப் பார்க்கச் சமையலறைக்குள் ஒவ்வொருவராக ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு நுழைந்தார்கள். உப்பு கேட்டவர்களே அதிகம். மூடியின் மேல் மார்வா பாரத்துக்கு ஒரு செங்கல்லை வைத்திருந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடக்க வண்டி வாசலிலிருந்து கிளம்பியது. மார்வா சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். வண்டி நகர்ந்தது, அவள் கை நகரவில்லை. மிஸ் ஜெம் தொண்டையைக் கனைத்தாள். நாங்கள் எல்லோரும் தெருவைப் பார்ப்பதுபோல் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“குடு இங்க,” என்றாள் மிஸ் ஈனா. சட்டியை வாங்கினாள். ஒரு கணம் தண்ணீரைப் பார்த்தாள். “வேனு வந்துடுச்சு, போங்க,” என்று வண்டிக்குப் பின்னால் வீசினாள். தார் ரோட்டில் அது நீளமாக விழுந்து, புகை விட்டுக் காய்ந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள்.

அடக்கம் முடிந்து வந்ததும் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல், மாற்றிப்போட்ட கட்டிலில் சாய்ந்தாள். ஆணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“மார்வா, பசிக்குதுடி. சோறாக்கு. தேங்காப்பால் கொஞ்சம் அதிகமா ஊத்து.”

மார்வா சட்டியை மணல் போட்டுத் தேய்த்தாள். சோப்பு போட்டாள். மறுபடி மணல். வேலியோரம் மிஸ் ஜெம் நேற்றைய துணியையே மடித்துக்கொண்டிருந்தாள். “புதுச் சட்டி வாங்கினாத்தான் என்னவாம்?” என்றாள். மார்வா தேய்த்துக்கொண்டே இருந்தாள். சட்டி வெள்ளியாகப் பளபளத்தது. குழாய்த் தண்ணீரை நிரப்பி அடுப்பில் வைத்தாள். சிவப்பு அவரையைக் களைந்து கிண்ணத்தில் எடுத்துவைத்தாள். தீப்பெட்டியைத் திறந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே மாமரத்து நிழல் படியேறி வராந்தாவைத் தொட்டது.

தண்ணீரின் விளிம்பிலிருந்து ஒரு வட்டம் கிளம்பி நடுவே போனது. அதன் பின்னால் இன்னொன்று.

மார்வா அறையின் பக்கம் பார்த்தாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள். கால்கள் தரையில்தான் இருந்தன. அவளுக்கு ஒன்றும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

“அடுப்பப் பத்த வெச்சியா?” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

“வைக்கிறேன்மா.”

குச்சியைக் கையில் பிடித்தபடி நின்றாள். வாசிக்கும்போது நடுவில் பேசினால் அப்பாவுக்குப் பிடிக்காது. கடைசி வட்டமும் நடுவே போய் அடங்கிய பிறகு குச்சியைக் கிழித்தாள்.