காபி கணக்கில் வராது

சம்பத் தன் மனைவிக்குக் காலையில் காபி போட்டுக் கொடுப்பார் என்பது கல்பாக்கம் நகரியத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் யாரும் இருந்துவிடாதபடி அவரே பார்த்துக்கொண்டார். கும்பகோணத்துக்காரர். அலுவலகத்தில் அளவைக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் அதிகாரி. உலகத்தில் இரண்டை மட்டும் முழுதாக நம்பினார்: கருவி காட்டும் எண், தன் கைக் காபி.

அவர் மனைவி சங்கரி புதுப்பட்டினத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவள் வகுப்பில் சாக்பீஸைப் பிடித்தபடியே தூங்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் மேல் பாசம் என்று சொல்ல முடியாது. எழுந்தால் வகுத்தல் கணக்கு போடுவாளே என்ற பயம்தான். தலைமையாசிரியைக்கு அந்தப் பயம் இல்லாததால் சங்கரி ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. முகம் வீங்கியது, முடி கொட்டியது. மே மாதத்துக் கல்பாக்கத்தில் அவளுக்குக் குளிரெடுத்தது.

செங்கல்பட்டில் ஒரு டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்து, தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை என்றார். ஒரு குட்டி வெள்ளை மாத்திரை எழுதினார். "ஆயுசுக்கும் சாப்பிடணும். காலையில, வெறும் வயித்துல."

அந்தப் பொறுப்பைச் சம்பத் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து டிகாக்‌ஷன் இறக்கி, பாலைப் பொங்கவிட்டு, டவரா டம்ளரை ஒரு கையிலும் மாத்திரையை இன்னொரு கையிலும் ஏந்தி, கட்டிலுக்கே வந்து நிற்பார். வெறும் வயிறுதான். காபி என்ன ஆகாரமா? அவருடைய அம்மா ஏகாதசிதோறும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உபவாசம் இருப்பவர். காபி மட்டும் நாலைந்து தடவை.

தைராய்டு குறையக் குறைய ஏறுகிற டி.எஸ்.எச். எண், ரிப்போர்ட்டில் இறங்கவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை. மறுபடி கூட்டினார்.

சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், சங்கரிக்கு அது அவ்வளவு மோசமான காலமில்லை. உடம்பு மோசம்தான். ஆனால் வீடு அவளை நம்பியது. ரிப்போர்ட் வரும்போதெல்லாம் சம்பத் "இன்னும் பதினெட்டுல நிக்குது பாவம்" என்று ரசம் வைப்பார். மகள் சுஷ்மிதா பள்ளிவிட்டு வந்ததும் அப்பாவின் கம்பளி சாக்ஸை எடுத்து வந்து, அம்மாவின் சில்லிட்ட பாதங்களில் மாட்டி, அவற்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து வேலைக்கு வரும் வேண்டா என்பவள் வீட்டு வேலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள்.

நாலு வருஷம் கழித்து அந்த டாக்டர் வெளிநாடு போய்விட, ஜெபகுமார் என்ற புது டாக்டரிடம் போனார்கள்.

"மாத்திரை எப்பம்மா சாப்பிடறீங்க?"

சம்பத் பதில் சொன்னார். "விடியற்காலையில சார். வெறும் வயித்துல. நானே என் கையால குடுக்கறேன்."

"தண்ணியிலதானே?"

"இல்ல, காபியில."

"வெறும் வயித்துலன்னீங்க?"

"ஆமா. காபி மட்டும்தான்."

டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "நாலு வருஷமா அந்த மாத்திரையைப் பாதிக்கு மேல உங்க காபிதான் சார் சாப்பிட்டிருக்கு. உங்க மிஸஸ் உடம்புல எங்க சேர்ந்திருக்கும்? தண்ணியில முழுங்கிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் காபி குடுங்க."

பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரைக்கும் சம்பத் பழைய டாக்டரின் சீட்டையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தைப் பார்க்கச் சங்கரிக்கே கஷ்டமாக இருந்தது. 'விடுங்க, தெரிஞ்சா செஞ்சீங்க' என்று சொல்ல அவள் வாயெடுத்த நேரம், அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

"காபி கூடாதுன்னு அந்தாளு தெளிவா எழுதிக் குடுத்திருக்கணுமா இல்லையா? இதே எங்க ஆபீஸா இருந்தா மெமோ வாங்கியிருப்பான்."

அவள் பஸ் டிக்கெட்டை நாலாக மடிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த சோதனையில் எண் இறங்கியது. சம்பத் வரைபடத்தாள் வாங்கி, புள்ளி வைத்து, கோடு இழுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். கோடு சறுக்கி வந்து கடைசியில் நார்மலுக்குள் விழுந்த அன்று, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்களுக்கெல்லாம் மைசூர்பாகு போயிற்று. எங்கேயும் காபியைப் பற்றிப் பேச்சில்லை.

சங்கரிக்கு முக வீக்கம் கொஞ்சம் வடிந்தது. அவ்வளவுதான். நனைந்த போர்வையை யாரோ தோளில் போட்டுவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி ஒரு பாரம் அப்படியே இருந்தது. கடுகு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கடுகு என்ற சொல்லைத் தேடினாள். சுஷ்மிதாவின் கணக்கு ஒன்றை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். எண்கள் இருந்தன, என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. "விடும்மா, நானே போட்டுக்கறேன்" என்று மகள் நோட்டை இழுத்துக்கொண்டாள். சாக்ஸ் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

வேண்டா ஒருநாள் துடைப்பத்தோடு வாசற்படியிலேயே நின்றாள். "இன்னாமா, நார்மல் ஆயிட்டியாமே? இனிமே பாத்திரம் மட்டும் கழுவுனா போதும், வூட்ட அம்மாவே பாத்துக்கும்னு சாரு சொல்லிட்டாரு."

"ஆமா வேண்டா."

"மூஞ்சப் பாத்தா அப்டி தெரியலியே. மழைல நனைஞ்ச கோழியாட்டம் சுருண்டுகினு கீற. நார்மல்னா இதான்னா, நீ முன்னமாரியே இருந்துகினு இருக்கலாம், போ."

சங்கரி சிரித்தாள். பிறகு வீட்டைப் பெருக்க எழுந்து, கூடம் முடிவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தாள்.

தனியாகவே பஸ் ஏறி ஜெபகுமாரிடம் போனாள். அவர் ரத்தசோகை, சர்க்கரை எல்லாம் பார்த்தார். எல்லாமே நார்மல். வந்த ரிப்போர்ட் ஒவ்வொன்றும் அவள் பக்கத்துச் சாட்சியைக் கலைத்துவிட்டுப் போனது.

"சில பேருக்கு அப்படி இருக்கறது உண்டும்மா" என்றார் டாக்டர். "ரிப்போர்ட் சரியாயிடும், உடம்பு சரியாகாது. ஏன்னு எங்களுக்கே தெரியல."

சங்கரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இதை எழுதித் தர்றீங்களா டாக்டர்? வீட்ல காட்டணும்."

அவர் சங்கடமாகச் சிரித்தார். "தெரியலன்னு எப்படிம்மா எழுதித் தர்றது?"

வீட்டில் வாயால்தான் சொன்னாள். சம்பத் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "சில பேருன்னா எத்தனை பர்சென்ட்?"

"கேக்கல."

"பாத்தியா." பேப்பரை மறுபடி விரித்தார். "நீயா மனசுல நினைச்சுக்கற. ஃபிரிட்ஜ்ல போய்ப் பாரு, எவ்வளவு அழகா இறங்கியிருக்கு."

மார்கழியில் குடியிருப்போர் நலச் சங்கத்தில் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். செயலாளர் ஹரிகிருஷ்ணனுக்குப் பேச்சாளர் கிடைக்காமல் போனதும், சம்பத் தானாகவே கிடைத்தார். தலைப்பு 'தைராய்டை வென்றோம்'. ஃபிரிட்ஜ் கதவில் இருந்த அந்தப் படம் புரொஜெக்டரில் ஏறித் திரை முழுக்கப் பரந்தது. அவர் கோலால் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டு, இங்கே தான் என்ன செய்தார், அங்கே என்ன செய்தார் என்று விளக்கினார். முதல் நாலு வருஷங்களை 'ஆரம்பகட்டச் சிரமங்கள்' என்று தாண்டினார். ஹரிகிருஷ்ணன் உணர்ச்சிவசப்பட்டுச் சம்பத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். முன்வரிசையில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்த சங்கரி, அந்தப் பொன்னாடையை ஏக்கத்தோடு பார்த்தாள்.

"மேடம் ரெண்டு வார்த்தை!" என்றார் ஹரிகிருஷ்ணன்.

எழுந்தாள். பின்னால் திரையில் கோடு, ஆள் உயரத்துக்கு மேலே இருந்து அவள் காலடிவரை இறங்கியிருந்தது. அதை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்ல முடியும்?

"இப்ப நல்லா இருக்கேன்."

கைதட்டல் அடங்குமுன் உட்கார்ந்தாள். நன்றியுரையில் ஹரிகிருஷ்ணன் நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவரின் பெயருக்கு வருவதற்குள் தூங்கிப்போனாள். தலை பக்கத்து அம்மாளின் தோளில் சாய்ந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சுஷ்மிதா அவள் தொடையில் கிள்ளினாள். "அம்மா! மானம் போகுது. உனக்குத்தான் இப்ப ஒண்ணும் இல்லையே, அப்புறம் ஏம்மா இப்படிப் பண்ற?"

கிள்ளிய இடம் வலிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் சம்பத் வழக்கம்போல மாத்திரையும் தண்ணீருமாக வந்தார். சங்கரி தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடக்கப் போனார். அவள் போர்வைக்குள் கையை மூடி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். மாத்திரை உள்ளங்கை வேர்வையில் லேசாகப் பிசுபிசுத்தது. நடந்துவிட்டு வந்த சம்பத் டிகாக்‌ஷன் இறக்கினார். நுரை பொங்கும் டம்ளரோடு கட்டிலுக்கு வந்து, அதை அவள் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் திரையை விலக்கத் திரும்பினார். அவள் மாத்திரையை நாக்கில் போட்டு, சூடான காபியை ஒரு வாய் குடித்தாள்.

"எப்படி?" என்றார் சம்பத், வெளிச்சத்தைப் பார்த்தபடி.

"முன்ன மாதிரியே இருக்கு."

அவருக்குச் சந்தோஷம். "அடுத்த டெஸ்ட் பங்குனியிலதானே? படத்துல இன்னும் இடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனார்.

சங்கரி பாதங்களை ஒன்றின்மேல் ஒன்று தேய்த்துக்கொண்டாள். எழுந்து கை நீட்டினால் சாக்ஸ் எட்டும். எடுக்கவில்லை. சுஷ்மிதாவே எடுத்து வரட்டும் என்று விட்டுவிட்டாள்.