பொத்தான் இல்லாத ஜீன்ஸ்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பக்கவாதம் வந்து அரை வருடம் ஆகியிருந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கூடவே கோபமும் திரும்பிவிட்டது என்பாள் மனைவி. வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வலது காலும் லேசாக இழுத்தது. இத்தனை நாளும் நாடா வைத்த பைஜாமாவிலேயே வீட்டுக்குள் காலத்தை ஓட்டியவர், கூட வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும், கருநீல ஜீன்ஸ்தான் போடுவேன் என்று அடம்பிடித்தார்.

ஒரு காலத்தில் அவர் உடுத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். வேலை முடிந்து கிரீஸ் போகத் தேய்த்துக் குளித்துவிட்டால் கருநீல ஜீன்ஸ், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, இன் செய்து மேலே அகல பெல்ட். அதே கோலத்தில்தான் போவாராம்.

பழைய ஜீன்ஸ் இடுப்பில் நிற்கவில்லை. துணிக்கடையில் வேலை பார்க்கும் மைத்துனன் புதிதாக ஒன்று கொண்டுவந்தான். அதை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. மனைவி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, தம்பியைக் கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் உள்ளே போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜீன்ஸ் ஏறியிருந்தது; பொத்தான் மட்டும் ஓட்டைக்குள் நுழையவில்லை. இடது கை விரல்கள் சிவந்து கிடந்தன.

"எடுத்துட்டுப் போயிடு மாப்ள. நான் எங்கயும் வரல."

மைத்துனனுக்கு ஆறுதல் சொல்ல வராது. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தன் பேண்ட் பொத்தானைக் கழற்றி, இடது கையாலேயே திரும்ப மாட்டப் பார்த்தான். வயிற்றை எக்கினான், சுவரில் சாய்ந்தான், நாக்கைக் கடித்துக்கொண்டான். பேண்ட் முழங்காலுக்கு இறங்கியதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து அக்கா கதவைத் திறந்தாள். மெக்கானிக் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். படுத்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. அவள் பொத்தானை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் ஒட்டும் பட்டை தைத்தாள். ஜிப் நுனியில் விரல் நுழைகிற மாதிரி ஒரு வளையம் மாட்டினாள். இன் செய்கிற பேச்சே வேண்டாம் என்றான் மைத்துனன். சாம்பல் நிற டி-ஷர்ட், அதற்கு மேல் பொத்தான் போடாமல் திறந்துவிட்ட பச்சைச் சட்டை, கையை முழங்கைவரை மடித்து. கருநீலத்துக்கு வெள்ளைதான் எடுக்கும் என்று அவர் வாதாடினார்.

"எடுக்கும் மாமா. ஆனா சாப்பிடப் போறீங்க. இடது கையால."

மனைவியின் முகம் மாறியது. அவருக்கோ கோபம் வரவில்லை. இத்தனை நாளில் யாருமே அதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. டி-ஷர்ட்டை வாங்கிக்கொண்டார்.

இழுக்கும் கால் தடுக்காமலிருக்க, ஜீன்ஸின் கீழ்விளிம்பை ஒரு மடிப்பு மடித்துவிட்டான். அதுதான் இப்போது ஃபேஷனாம். அவர் நம்பவில்லை. ஆனாலும் இரண்டு காலிலும் ஒரே அளவாக மடிக்கச் சொன்னார். லேஸ் இல்லாத பழுப்பு ஷூவை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றவர், யாரோ மாதிரி இருக்கிறேன் என்றார். பார்க்க நன்றாக இருக்கிற யாரோ என்றாள் மனைவி.

விருந்து ஃபோர்மேன் வீட்டு மொட்டைமாடியில். மனைவியும் கூடப் போயிருந்தாள். முதலில் எல்லாரும் அவர் கையைப் பார்க்காதது போலப் பார்த்தார்கள். பிறகு தொப்பைக்கார ஃபோர்மேன் அவரை மேலும் கீழும் அளந்து, இந்த வயதில் யாருக்கு வலை வீச வந்திருக்கிறாய் என்று கேட்க, மாடி கலகலப்பானது. சாப்பாடு கொஞ்சம் டி-ஷர்ட்டில் சிந்தியது. அவரே துடைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் வேலைக்கு வந்துவிடுவேன் என்றுதான் அவர் எல்லாரிடமும் சொல்லிவந்திருந்தார். அன்றைக்கு, கேட்காமலேயே, தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"இனிமே லிஃப்ட் மேல ஏறி நிக்க என்னால முடியாதுப்பா."

அப்புறம் ஃபோர்மேன், நடுவழியில் லிஃப்ட் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஃபோனில் கத்தும்போது பதில் சொல்ல விவரம் தெரிந்த ஆளே இல்லை என்று மெல்லப் பேச்செடுத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் மெக்கானிக்.

திரும்பும் வழியில், பயந்துபோயிருப்பவர்களிடம் முதலில் என்ன கேட்க வேண்டும், எந்தப் பட்டனைத் தொடக்கூடாது என்றெல்லாம் மனைவியிடம் விளக்கிக்கொண்டே நடந்தார். கேட்டுக்கொண்டே வந்தவள் வண்டி பிடிக்க மறந்துபோனாள்.