இறக்கம்

சப்பரம் அந்த வருஷமும் எங்கள் வாசலில் நிற்கவில்லை. அம்மு ஒரு காலை மேட்டிலும் ஒரு காலைப் பள்ளத்திலும் ஊன்றிக்கொண்டு, கடல்காற்றில் அணையாமல் மெழுகுவர்த்தியை உள்ளங்கையால் மறைத்தபடி நின்றாள். லூர்து மாதா தோள்களின் மேல் ஆடி ஆடி எங்களைக் கடந்து போனாள். நாலு வீடு தள்ளி, என் அண்ணன் வாசலில் வழக்கம்போல் இறக்கி வைத்தார்கள். பாட்டுச் சத்தம் கேட்டது. அம்மு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். விரலில் விழுந்திருந்த மெழுகை உரித்துக்கொண்டே, "ஏன்யா, நம்ம வூட்டாண்ட மட்டும் ஏன் எறக்க மாட்றாங்க?" என்று கேட்டாள்.

திருவொற்றியூருக்கு வடக்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேட்டில் இருந்தது எங்கள் தெரு. திருநாளில் சப்பரத்தை இறக்கி வைக்கும் இடத்துக்கு அங்கே 'எறக்கம்' என்று பேர். யார் வாசலில் எறக்கமோ அந்த வீட்டார் பூ வைத்து, ஜெபம் சொல்லி, தூக்குகிறவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுப்பார்கள். அந்த வருஷம் முழுக்க அவர்கள் தெருவில் நடக்கும் நடையே கொஞ்சம் வேறாக இருக்கும். எங்கள் வீடு மேட்டின் விளிம்பில் இருந்தது. கதவைத் திறந்தால் வாசல் மணல் சரிந்து தெருவரைக்கும் இறங்கும். மழைக்காலத்தில் பாதி வாசல் தெருவில் கிடக்கும். நான் அதை மண்வெட்டியால் அள்ளித் திரும்ப மேலே போடுவேன். திருநாள் கமிட்டித் தலைவர் தாமஸிடம் கேட்டால், "எறக்கத்துல எப்டிப்பா எறக்கறது?" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். பக்கத்தில் இருப்பவர்களும் சிரிப்பார்கள்.

சிரிப்புக்குள் வேறொன்று இருந்தது எனக்குத் தெரியும். அம்மு வியாசர்பாடியிலிருந்து வந்தவள். என்னைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கிப் பிலோமினா ஆனவள். தெருவில் யாரும் அவளைப் பிலோமினா என்று கூப்பிட்டதில்லை. என் அண்ணி டோரதி 'வியாசர்பாடிக்காரி' என்பாள், முகத்துக்கு நேராகவே. ஜெபங்களையெல்லாம் அம்மு காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்தாள். கோயிலில் மற்றவர்களைவிட அரை வினாடி முந்திச் சொல்லி முடிப்பாள், தனக்குத் தெரியும் என்று காட்டுவதுபோல.

அன்றைக்குச் சோறு போடும்போது சொன்னாள்: "சரிவுதானே காரணம்ன்றாங்க? சரிவ எடுத்துருவோம்யா. அப்பால இன்னா சொல்றாங்கன்னு பாக்கலாம்."

மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சினிமா பார்க்கப் போனார்கள். நாங்கள் சுவர் பார்க்கப் போனோம். பூசை முடிந்ததும் ராயபுரம், காலடிப்பேட்டை என்று எங்கெங்கே மேட்டைத் தடுத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்களோ அங்கெல்லாம் நடந்தோம். அவள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். கன்னத்தைச் சுவரோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். வீட்டுக்காரர்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் நான்தான் கூசிப்போவேன். காலடிப்பேட்டையில் பூசி வெள்ளையடித்த ஒரு செங்கல் சுவர் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. "புள்ளத்தாச்சி மாதிரி கீது பாரு. உள்ள தண்ணி நின்னுகினு கீது. இந்த மழைக்குப் பெத்துரும்" என்றாள். வியாசர்பாடியில் ஒவ்வொரு மழைக்கும் அவர்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்து போகும். வழி விட்ட சுவர் நின்றதையும் அடைத்துக்கொண்ட சுவர் விழுந்ததையும் பார்த்தே வளர்ந்தவள்.

கொத்தனார் குணசேகரன் செங்கல்தான் வேண்டும் என்றார். கருங்கல் பல்லாவரத்திலிருந்து லாரியில் வரவேண்டும், அது எங்களால் ஆகாது. தண்டையார்பேட்டை ரயில் யார்டில் கழித்துப் போட்ட தண்டவாளக் கட்டைகள் எனக்குப் பிடித்திருந்தன. அம்மு ஒரு கட்டையில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். விரல் உள்ளே போனது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுவது வேலை. ஒரு கிடங்கில் கூரை ஒழுகி, சிமிட்டி மூட்டைகள் வரிசை வரிசையாகக் கல்லாகிப் போயிருந்தன. அள்ளிக்கொண்டு போகிறவர்கள் போகட்டும் என்று காலி செய்துகொண்டிருந்தார்கள். வீட்டில் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். சாக்கின் நெசவுகூட அப்படியே பதிந்திருக்கிறது, ஓரத்தில் தைத்த காதுகூடக் கல்லாகிவிட்டது என்றேன். பிசைந்த சோற்றை அவள் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"தலகாணி மாதிரியா?"

"தலகாணி மாதிரிதான்."

"அப்ப அடுக்கலாம்."

மறுநாளிலிருந்து என் தோஸ்து அப்துல் வஹாப் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். முதல் நடையிலேயே தெரு கூடிவிட்டது. "இன்னா மாமு, கோட்ட கட்றியா?" என்று அவனே ஆரம்பித்து வைத்தான். 'தலகாணி செவுரு' என்று சாயங்காலத்துக்குள் பேர் வந்துவிட்டது. டோரதி அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி, தலகாணி வந்துட்டுது. மெத்த எப்ப வரும்?"

"மெத்த உங்க வூட்லதான் கீதேக்கா. தூக்கம் வரலேன்னா தலகாணிக்கு இங்க வாங்க."

ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் மேட்டுப்பக்கம் தள்ளி, படி மாதிரி சாய்த்து அடுக்கினோம். கீழ்வரியின் இரண்டு மூட்டை சேருமிடத்தில் மேல்வரி மூட்டையின் நடு. என் இடுப்பு உயரம் வந்ததும் குணசேகரன் சந்துகளைப் பூசிவிடலாம், பார்வையாக இருக்கும் என்றார். அம்மு குறுக்கே வந்து நின்றாள்.

"வாணாம்ணே. செவுருக்கும் ஒண்ணுக்கு வரும். அடக்கிக்கினு எம்மா நேரம் நிக்கும்?"

அப்துல் வஹாப் சிரித்துச் சிரித்து வண்டியின் நுகத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான். குணசேகரன் கரண்டியைக் கழுவி வைத்தார்.

மேலே இருந்த மணலை வெட்டிச் சுவருக்குப் பின்னால் நிரப்பினோம். மட்டம் பார்க்க அம்முவிடம் ஒரு பித்தளைத் தாம்பாளம் இருந்தது, அவள் அம்மா வீட்டுச் சீர். அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றித் தரையில் வைப்பாள். வழிந்த பக்கம் ஒரு கூடை மணல். மறுபடி வைப்பாள். மணல் பறக்காமலிருக்கச் சுவரடியில் கடற்கரையிலிருந்து அடம்பங்கொடி கொண்டுவந்து நட்டாள், மேலே ஓரமெல்லாம் நித்தியகல்யாணி. நடுவில் எதுவும் வைக்கவில்லை. "அது அவங்களுக்கு" என்றாள்.

சப்பரம் ஏறுவதற்குத் தோதாக, படிகளை மட்டும் புதுச் சிமிட்டியில் அகலமாகக் கட்டினோம். மேல்படி ஈரமாக இருக்கும்போதே அம்மு குந்தி உட்கார்ந்து, ஆணியால் ஒவ்வொரு எழுத்தாகக் கீறினாள். நான் வேலை முடிந்து வந்தபோது காய்ந்திருந்தது. 'மாதாவே எங்கள் மேல் இறக்கமாயிரும்.'

"அம்மு, இதுக்கு சின்ன ர வரணும்."

"பெருசா இருந்தா இன்னாயா? நல்லா தெரியும் இல்ல?"

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் சன்னலுக்கும் அலைந்தேன். அம்மு படியில் இறங்கி, நனைந்துகொண்டே சுவரைப் பார்த்து நின்றாள். மூட்டைச் சந்துகளிலிருந்தெல்லாம் தண்ணீர் நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. கையை நீட்டி ஒரு நூலைப் பிடித்து எனக்குக் காட்டினாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. மணல் ஒரு பொட்டுக்கூட அதில் இல்லை. "போவுதுயா, போவுது!" என்று மழைக்கு மேலே கத்தினாள். மழை விட்ட அன்று நான் பழக்கத்தில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினேன். அள்ள ஒன்றுமில்லை. மண்வெட்டியோடு சும்மா நின்றேன். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும்.

திருநாளுக்கு முன்னால் தாமஸ் பார்க்க வந்தார். செருப்புக் காலால் மண்ணை மிதித்து மிதித்துப் பார்த்தார். "கண்ணுக்கு மட்டமாத்தான் தெரியுது. மாதாவ சாச்சி வைக்க முடியாது பாரு" என்றார். அம்மு உள்ளே போய்த் தாம்பாளத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாள். மூவரும் குனிந்து பார்த்தோம். தண்ணீரில் மூன்று தலைகள், நடுவே வானம். ஒரு சொட்டு வழியவில்லை.

"நாலு பேர கேட்டுதான் சொல்லணும்" என்றார் தாமஸ்.

"நாலு பேர் இன்னா, நாப்பது பேர கேளுங்க. தட்டு இங்கயேதான் இருக்கும்."

திருநாள்வரை பதில் வரவில்லை. அன்று சாயங்காலம் மேளம் நெருங்கியபோது அம்மு மேல்படியில் நின்றாள், இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில். சப்பரத்துக்கு முன்னால் தாமஸ் கைமணியோடு நடந்து வந்தார். எங்கள் படியைத் தாண்டினார். அம்மு மெழுகுவர்த்தியை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தாள். பின்னால் தோள்காரர்களின் காலடி நின்றுபோனது தாமஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும், திரும்பினார். முன்தண்டைப் பிடித்திருந்தவர்கள் எங்கள் வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், தோளில் பாரத்தோடு நல்ல மட்டமான தரையைப் பார்த்தவர்கள். "சோக்கா கீது தலைவரே, எறக்கிரலாமா?" என்று ஒருவன் கேட்டான். தாமஸ் எங்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மாதாவை நிமிர்ந்து பார்த்தார்.

"எறக்குங்கப்பா" என்றார்.

படியேறி வந்து இறக்கினார்கள். நாலு கால்களும் ஒரே சமயத்தில் மண்ணைத் தொட்டன. மாதாவின் கையிலிருந்த ஜெபமாலை ஒருமுறை ஆடி நின்றது. தெரு முழுக்க வாசலுக்கு ஏறி வந்தது. டோரதி அண்ணி மேல்படியில் நின்று, குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இன்னாடி, தப்பா எழுதிக்கீற? எறக்கம்னா சரிவு. மாதாகிட்ட கேக்கற இரக்கம் வேற. அது சின்ன ர."

"எறங்கிட்டாங்களேக்கா. அப்பால இன்னா தப்பு?"

அண்ணி எழுத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "நவுரு, முட்டி போட எடம் விடு பிலோமி" என்றாள். அந்தப் பேரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜெபத்தை அம்மு தொடங்கினாள். யாரையும் முந்தவில்லை.

எழுபத்தேழாம் வருஷம் மஞ்சள் காமாலையில் அம்மு போனாள். கோயிலுக்கு எடுத்துப் போகும்போது யாரும் சொல்லாமலே, தூக்கியவர்கள் அந்த நடு இடத்தில் அவளை இறக்கி வைத்தார்கள். பெட்டி ஆடவில்லை. அவள் போட்ட மட்டம். சுவர் இன்னும் நிற்கிறது. மூட்டைகளின் மேல் சாக்கின் நெசவைக் கையால் தடவினால் இப்போதும் தெரிகிறது.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு வருவது திருநாளுக்கு மறுநாள் காலைதான். கண் விழித்தபோது விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. வாசலில் மெழுகும் பூவும் எலுமிச்சைத் தோலும் சிதறிக் கிடந்தன. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மு ஓரத்திலிருந்து பெருக்கிக்கொண்டே வந்தாள். நடுவில் சப்பரத்தின் கால்கள் அழுந்திய நாலு சதுரக் குழிகள் இருந்தன. விளக்குமாறு அவற்றின் அருகே வந்ததும் மெல்ல வளைந்து, ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு போனது.