ஐந்தில் வைத்த காற்று

என் புருஷன் நெவில் குறட்டை விட்டால் எனக்குக் கோபம் வராது. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம். முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு குறட்டை விட்டால்தான் பற்றிக்கொண்டு வரும். மாஸ்க் வழியாக வரும் காற்று தொண்டையை அடைத்துக்கொள்ள விடாமல் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒரு சத்தமும் வரக் கூடாது. அதற்காகத்தானே அந்த மெஷினே.

அன்று மதியம் லாரியை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். சீட்டுக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், அவன் படுத்திருந்தான். இஞ்சின் இரைச்சலையும் மீறிக் குறட்டை வந்தது. ஏறிக்கொண்டே போய் டக்கென்று நின்றுவிடும். அது நின்றால் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவன் மாதிரி பெரிதாக ஓர் இழுப்பு இழுப்பான். மெஷின் வாங்குவதற்கு முன்னால் கேட்ட அதே குறட்டை.

எங்கள் பிழைப்பு அப்படிப்பட்டது. அடிலெய்டில் சரக்கு ஏற்றினால் பெர்த்தில்தான் இறக்குவோம். லாரிக்குப் பின்னால் இரண்டு ட்ரெய்லர். வண்டி எங்கேயும் தங்காது. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் தூங்கியாக வேண்டும். ஓட்டுகிறவன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுத்தான் தூங்குகிறோம் என்று ஒருநாளும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. போன குளிர்காலத்தில் யலாட்டாவுக்கு மேற்கே அவன் கண் சொருகி, வண்டி சரளையில் இறங்கிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த நான் கீழே விழுந்து விழித்தேன். வண்டி கவிழவில்லை, அவ்வளவுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறது, அதனால் இவனுக்கு உண்மையான தூக்கமே கிடையாது என்று டாக்டர் சொன்னார். தினமும் மெஷினோடு தூங்கினால்தான் லாரி லைசென்ஸ் உண்டு. காற்றழுத்தம் பதின்மூன்றில் இருக்க வேண்டும் என்று அளந்து பார்த்து வைத்துக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து ஒரே புலம்பல். "ஓடுற கார்ல ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டிக்கிட்டுத் தூங்குற மாதிரி இருக்குடி." "வயிறெல்லாம் காத்து." "மூச்ச உள்ள இழுத்தா சரி, வெளிய விடறதுக்கு மல்லுக்கட்ட வேண்டியிருக்கு." ஏப்பம் விட்டே கேபினை நாறடித்தான். நானும் பொறுத்துக்கொண்டேன். பழகிக்கொள்ள நாளாகும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். பிறகு ஒருநாள் புலம்பல் நின்றது. பழகிவிட்டான் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வழியோரத்து ரோடுஹவுஸில், பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த இடம், டீசல் போட நிறுத்தினேன். அவனை எழுப்பாமல் திரையை விலக்கி மெஷினைப் பார்த்தேன். ஐந்து என்று காட்டியது.

"யோவ் நெவில்."

கண்ணைத் திறந்தான். மாஸ்க்கோடு பார்க்க யானைக்குட்டி மாதிரி இருந்தான்.

"என்னய்யா இது? அஞ்சுன்னு நிக்குது."

மாஸ்க்கைக் கழற்றினான். "மெதுவா ஏறும். ஆரம்பத்துல கம்மியாத்தான் இருக்கும்."

"நீ படுத்து மதியமே ஆயிடுச்சு. எப்ப ஏறுமாம்? பெர்த் போன பிறகா?"

"ஏன்டி தூங்கறவன எழுப்பி உசுர வாங்கற?"

"உசுர யாரு வாங்கறான்னு அப்புறம் பேசிக்கலாம். யாரு இத மாத்தினது?"

குனிந்து பூட்ஸைத் தேடினான். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வண்டிக்காரன் டெஸ் கையில் ஐஸ் காபியோடு வந்து நின்றான். அவனுக்கும் இந்த மெஷின் உண்டு. ரோட்டில் ஓடும் பாதிப் பேருக்கு உண்டு.

"என்ன நெவ், இப்ப தூக்கம் தேவலையா? நான் சொன்ன மாதிரி அந்தக் குமிழையும் பொத்தானையும் சேத்து அழுத்திப் பாத்தியா?"

நெவில் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஓஹோ, நீதான் அந்த டாக்டரா?" என்று டெஸ்ஸைக் கேட்டேன்.

"சும்மா இரு மாக்சின். உள்ள டாக்டர் பக்கம்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. திறந்து அழுத்தத்தக் குறைச்சுக்கலாம். எத்தன மணி நேரம் மாட்டியிருந்தோம்ங்கறது மட்டும் கணக்குல ஏறிட்டா லைசென்ஸ் வந்துரும். எல்லாரும் செய்றதுதான்."

"எல்லாரும் பொண்டாட்டிய பின்னாடி படுக்க வெச்சிட்டா ஓட்டறாங்க?"

டெஸ் காபியை உறிஞ்சிக்கொண்டே நகர்ந்துவிட்டான். எனக்கு அவன் பிடரியில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

நெவில் முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். கண் சிவந்து கிடந்தது. அரை நாள் படுத்திருந்தவனின் முகமா அது.

"நான் ஓட்றேன், இறங்கு," என்றான்.

"ஸ்டீயரிங்ல கைய வெச்சிப் பாரு."

"என் முறை வந்தாச்சு."

"உனக்கு முறை கிடையாது. நீ தூங்கல. மாஸ்க்க மாட்டிக்கிட்டுப் படுத்திருந்த."

"நீ பெரிய ஒழுங்கு. எப்பப் பாத்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழறது. கொஞ்ச நாளா உன்கூட ஒரே வண்டில இருக்க முடியல, தெரியுமா?"

நான் வண்டியைக் கிளப்பினேன். தார் ரோட்டைத் தொடுவதற்குள் போன் அடித்தது. அந்த மெஷின் தான் பார்த்ததை எல்லாம் கிளினிக்குக்கு அனுப்பும். ஆனால் இந்தப் பாதையில் ரோடுஹவுஸ் பக்கம் மட்டும்தான் சிக்னல் உண்டு. நாங்கள் டீசல் போட்ட நேரத்தில் அது கோள் சொல்லி முடித்துவிட்டது. பேசியது கிளினிக்கில் மெஷின்களைக் கவனிக்கும் ப்ரோன்வின். ஸ்பீக்கரில் போட்டேன்.

"நெவில், உங்க அழுத்தம் அஞ்சுக்கு இறங்கியிருக்கு. நாங்க இறக்கல. மூச்சு நிக்கறதும் பழையபடி நிறைய ஆயிடுச்சு. யாராவது மாத்தினீங்களா?"

நெவில் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்: "பொண்டாட்டி துடைக்கறப்போ கை பட்டிருக்கும்."

வண்டியை சரளையில் இறக்கினானே, அதற்குக்கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"மாக்சின், நீங்களா மாத்தினீங்க?" என்று கேட்டாள் ப்ரோன்வின்.

ஆமாம் என்று சொன்னால் அவன் லைசென்ஸ் பிழைக்கும். வண்டிக் கடனும் ஓடும். நானும் வழக்கம்போல் அவனுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

"நான் தொடல," என்றேன். "அவர்தான் செஞ்சார். வேணும்னே செஞ்சார். எழுதிக்கங்க."

"காட்டிக் குடுத்துட்டல்ல," என்று கத்தினான் நெவில். "நல்லா இரு."

"நெவில், கத்தாதீங்க," என்றாள் அவள். "பதின்மூணு தாங்க முடியலன்னா ஒரு போன் பண்ணியிருக்கலாமே. தூங்கற வரைக்கும் கம்மியா வெச்சு அப்புறம் ஏத்தலாம். மூச்ச வெளிய விடறப்போ மட்டும் காத்தக் குறைக்கவும் வழி இருக்கு. இப்பவே இங்கேருந்து மாத்தி அனுப்பறேன், சிக்னல் விட்டுப் போகாதீங்க. ஆனா டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். அவர் சரின்னு சொல்ற வரைக்கும் நீங்க ஓட்டக் கூடாது."

"சரக்க எவன் கொண்டு போறது? பின்னாடி இருக்கறது பூராவும் தக்காளி."

"நான் கொண்டு போறேன்," என்றேன். ஜெயித்த திமிர் என் குரலில் இருந்தது, மறைக்கவும் இல்லை.

ப்ரோன்வின் கொஞ்சம் தயங்கினாள். "மாக்சின், ஒண்ணு கேக்கட்டுமா? அவர் ஓட்டறப்போ நீங்க தூங்கறீங்களா?"

"படுத்திருப்பேன்."

"அது சரி. தூங்கறீங்களா?"

தூங்குகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஓட்டிய நேரமும் தூங்கிய நேரமும் குறிக்கும் பயணக் கணக்கில் அப்படித்தான் எழுதி வருகிறேன். ஆனால் அந்தப் படுக்கையில் மல்லாந்து கிடந்து, ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டில் சக்கரம் ஏறும் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்ததுதான் நினைவுக்கு வந்தது.

"இல்ல," என்றேன்.

நெவில் திரும்பினான். "எப்பலேருந்து?"

"யலாட்டாலேருந்து."

"மெஷின் வந்த பிறகுமா?"

"வந்த பிறகும்தான். உன்ன நம்பி எப்படிய்யா கண்ண மூடறது?"

போனில் ப்ரோன்வினின் குரல் மெதுவாக வந்தது. "அப்ப இப்ப வண்டிய யாரு ஓட்டறது?"

ஸ்டீயரிங்கின் மேலிருந்த என் கைகளைப் பார்த்தேன். எரிந்து விழுகிறேன் என்று அவன் சொன்னானே, அது பொய்யில்லை. போன தடவை பாலடோனியா ரோடுஹவுஸைத் தாண்டியதே எனக்கு ஞாபகமில்லை. எப்போது தாண்டினேன், எதிரே என்ன வந்தது, ஒன்றும் தெரியாது. அவன் குறட்டையை எண்ணிக்கொண்டிருந்தவள் என் கண்ணை யார் பார்த்தது என்று கேட்கவே இல்லை.

"நிறுத்துங்க மாக்சின்."

வட்டமடித்து, ரோடுஹவுஸுக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் மண் தரையில் கொண்டு போய் நிறுத்தினேன். கம்பெனிக்குப் போன் பண்ணி, வேறு ஓட்டுநரை அனுப்பச் சொன்னேன். மேலாளர் தக்காளியைப் பற்றியே கத்தினான். அவன் கத்தி முடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

மெஷினுக்கு மாற்றம் வந்து சேர்ந்தது. நெவில் அதைப் பின்னாலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இருக்கும் படுக்கை ஒன்றுதான். யார் படுப்பது என்று அதற்கும் ஒரு சண்டை வரும் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன்.

"போய்ப் படு," என்றான்.

"நான் படுத்தா நீ ஓட்டிக்கிட்டுக் கிளம்பிடுவ. தக்காளி, தக்காளின்னு."

"சனியனே," என்றான். கையை நீட்டிச் சாவியை உருவி என் மடியில் எறிந்தான். "வெச்சிக்க. போ."

சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போனேன். தலையணையில் அவன் வாடை அடித்தது. முன்னால் மெஷின் மெதுவாக ஊதத் தொடங்கியது. மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ திட்டினான். அப்புறம் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கத்தினான்.

"பூட்ஸக் கழட்டிட்டுப் படுடி, போர்வையெல்லாம் மண்ணாவுது."

பதிலுக்கு நாக்கு நுனியில் ஒன்று வைத்திருந்தேன். சொல்வதற்குள் தூங்கிவிட்டேன்.