உள்பக்கக் கைப்பிடி

என் வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் பேச்சு நின்றுபோன காரணத்தை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். சொத்துத் தகராறு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. ஒரு படத்தின் இடது மூலை மங்கலாக இருந்தது. அவ்வளவுதான்.

வீடுகளில் ஹோம் தியேட்டர் போட்டுக் கொடுப்பது தம்பியின் தொழில். பள்ளிக்கூடத்துச் சுவரில் படம் காட்டுகிற சின்னப் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். அவன் மாட்டுகிற புரொஜெக்டரை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அதன் லென்ஸை நான் தொடப் போனால் கையைத் தட்டிவிடுவான். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா" என்று நாளெல்லாம் ஊரைக் கேட்டுக் கேட்டு, மங்கல் என்றாலே அவருக்கு ஆகாது.

தம்பி சொந்தமாக ஷோரூம் திறந்த அன்று விளக்கை அணைத்துப் படம் போட்டான். வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் எழுந்து நின்று, "மாப்ளே, இடது மூலை மங்கலா இருக்கே" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் தியேட்டர் போடலாம் என்று வந்திருந்த ஒருவர் மூலையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். தம்பிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "கண்ணாடி விக்கிறவங்களுக்கு இதெல்லாம் புரியாது மாமா" என்று சபை நடுவில் சொல்லிவிட்டான்.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "உன் தம்பி தண்ணி கேக்குறான் பாரு" என்பார் இவர். "மாமாகிட்டயே சொம்பு இருக்குக்கா" என்பான் அவன். சொம்பு நகராது. நான் எழுந்து போய் அதை அரை முழம் தள்ளி வைக்க வேண்டும். நாளாக ஆக அவன் வருவதும் குறைந்தது. அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது இந்த ஒரு தடியன்தான். அவன் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தையல் மிஷினில் கால் ஓடாது.

இந்த லட்சணத்தில் இவருக்கு வீட்டிலேயே தியேட்டர் வேண்டும் என்ற ஆசை வந்தது. பின்பக்கத்து அறை சும்மா கிடந்தது. ஊரில் இந்த வேலை செய்கிறவர்கள் வேறு ஆளே இல்லையா என்று கேட்டேன். "எல்லாரும் ஏமாத்துவாங்க. உன் தம்பிய வரச் சொல்லு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மனுஷன் அவனை எவ்வளவு நம்புகிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதை வாய் திறந்து அவனிடம் சொன்னால்தான் என்ன? கிரீடம் இறங்கிவிடும்.

தம்பி வந்தான். வாசலிலேயே என்னிடம் கறாராகச் சொன்னான்: "உனக்காக இந்த ஒரு வேலைய முடிச்சுக் குடுக்குறேன்க்கா. அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். நீ வேணா என் வீட்டுக்கு வந்து பாத்துக்கோ." வேலை எவ்வளவு மெதுவாக நடந்தாலும் நல்லது என்று நான் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

அந்த அறையை அவர்கள் படுத்திய பாட்டைச் சொன்னால் தீராது. நல்ல படத்துக்கு முதல் தேவை நல்ல இருட்டாம். சுவர் கறுப்பு, கூரை கறுப்பு, தரையில் கறுப்புக் கம்பளம். ஜன்னலை அடைத்துப் பலகை வைத்துப் பஞ்சு திணித்தார்கள். திரைச்சீலை நான் தைத்துக் கொடுத்தேன், அதுவும் கறுப்பு வெல்வெட்டில்; தைத்து முடிப்பதற்குள் ஊசிக் கண் தெரியாமல் என் கண் பூத்துப்போனது. சத்தம் வெளியே போகக்கூடாது என்று தம்பி கனமான கதவு போட்டு, சுற்றிலும் ரப்பர் ஒட்டினான். யாராவது திறந்து போட்டுவிட்டுப் போவார்கள் என்று இவர் பயந்ததால், தானாக மூடிக்கொள்ளும் விசையையும் அதில் மாட்டினான். செல்போன் திரை மினுங்கினால் இருட்டு கெட்டுவிடும் என்று இவர் ஒரு சட்டம் போட்டார். அறைக்கு வெளியே ஒரு கூடை. போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இவ்வளவும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தது. எல்லாம் என் வாய் வழியாக.

கடைசி நாள் வந்தது. படத்தைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் இவர் என்னிடம் வந்தார்.

"உள்ள கதவுக் கைப்பிடி எவர்சில்வர்ல பளபளன்னு மின்னுது. படம் ஓடும்போது கண்ண உறுத்தும். உன் தம்பிகிட்ட சொல்லு."

சொன்னேன். நான் தட்டு கழுவுகிற நேரத்தில் தம்பி உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றி, கறுப்பு ஸ்பிரே அடித்து, பின்பக்க பால்கனியில் செய்தித்தாள் மேல் காயவைத்துவிட்டு, கதவு மூடாமல் இருக்க டூல்ஸ் பெட்டியை முட்டுக்கொடுத்து உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் இவரும் போனைக் கூடையில் போட்டுவிட்டு, வழியில் இருந்த பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் பின்னாலேயே போனார். கனமான கதவு மெதுவாக வந்து 'தொப்' என்று மூடிக்கொண்டது. நான் முன்னறையில் மிஷின் முன் உட்கார்ந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன.

தைத்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று ஹால் விளக்கு மங்கியது, பிரகாசித்தது, மங்கியது. இது தம்பி செய்து வைத்த வித்தை. உள்ளே ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் வெளியே ஹால் விளக்கும் சேர்ந்து அடங்கும். சரி, சோதித்துப் பார்க்கிறான் என்று விட்டுவிட்டேன். அது நிற்கவில்லை. மங்குவதும் எரிவதுமாக, பேய் பிடித்தது போல ஆடியது. துணியில் கோடு கோணலாகப் போக, எனக்கு எரிச்சல் வந்தது. "போதும்டா உன் விளையாட்டு!" என்று ஒரு கத்து கத்திவிட்டு, மிஷினை ஒட்டியிருந்த மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஹால் விளக்கின் ஆட்டமும் அடங்கிப்போனது. பார்த்தாயா, அதட்டினால்தான் வழிக்கு வருகிறார்கள் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

டீ நேரம் வந்தது. யாரும் டீ கேட்கவில்லை. இவர் நாலு மணிக்கு டீ கேட்காமல் இருந்த நாள் என் நினைவில் இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில்கூடக் கேட்டவர். போய்க் கதவில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் அது என் தம்பி போட்ட கதவா? உள்ளே என்ன நடக்கிறதோ என்று மனசு அடித்துக்கொண்டது. கடைசி நாளில் இவர் மறுபடியும் மூலையைப் பற்றி வாயை விட்டிருப்பார், அவன் ஏதாவது எடுத்தெறிந்து பேசியிருப்பான், எல்லாம் முடிந்தது என்று நானே முடிவு செய்துகொண்டேன். திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. மனசை மாற்றக் கொடியில் கிடந்த துணியை எடுக்கலாம் என்று பால்கனிக்குப் போனேன்.

அங்கே செய்தித்தாள் மேல் அந்தக் கைப்பிடி கிடந்தது. என்ன இது இங்கே கிடக்கிறது என்று எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு இரண்டு சட்டையை மடித்திருப்பேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. கைப்பிடி இங்கே இருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் அங்கே இருக்கிறார்கள். போன்கள் கூடையில் இருக்கின்றன. ஹால் விளக்கு ஆடியது விளையாட்டுக்கு இல்லை.

துணியைப் போட்டது போட்டபடி ஓடினேன். இரண்டு கையாலும் வெளிப்பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் திருகி அந்தக் கதவை இழுத்துத் திறந்தேன்.

"கதவ சாத்து!"

இரண்டு குரல். ஒரே நேரத்தில், ஒரே கோபத்தோடு.

"வெளிச்சம் வருதுக்கா!"

"அறிவிருக்கா உனக்கு? இப்பத்தான் மூலை கைக்கு வந்துச்சு!"

பதறிப்போய் உள்ளே ஓரடி வைத்தேன். கதவு என் முதுகுக்குப் பின்னால் 'தொப்' என்று மூடிக்கொண்டது.

கண் பழகியதும் பார்த்தேன். தம்பி ஏணி மேல் நின்று, கூரையில் தொங்கும் புரொஜெக்டரின் பிடிமானத்தில் ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்தான். திரை முழுக்க வெள்ளைக் கோடுகள் கட்டம் கட்டமாக நின்றன. இடது மூலையில் என் வீட்டுக்காரர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கடையில் கண்ணாடி பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு ஒட்டியிருந்தார்.

"இன்னும் ஒரு நூல், மாப்ளே."

"திருப்புறேன் மாமா. இப்போ?"

"போச்சு, போச்சு. பின்னாடி வா... அங்கதான்! கைய எடு! நிக்குது பாரு, கத்தி மாதிரி நிக்குது!"

மாப்ளே. மாமா. நான் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து திட்டியது போல எதுவும் இனித்ததில்லை.

மூலை நின்றதும் தம்பி ஏணியிலிருந்து இறங்கினான். இரண்டு பேருமாகத் திரையைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் இவர் முகம் மாறியது.

"மாப்ளே... கதவு மூடிக்கிச்சே."

தம்பி என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

"அக்கா, உள்ள ஏன்க்கா வந்த? இவ்வளவு நேரமா மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம்! தட்டினோம், கத்தினோம், லைட்ட போட்டுப் போட்டு அணைச்சோம், நீ திரும்பிக்கூடப் பாக்கல!"

"எப்படிடா மாட்டினீங்க?" என்றேன்.

"மாமா உள்ள வந்தாரு. கதவு மூடப்போவுதுன்னு தெரியும். 'புடிங்க'ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு." அவன் தலையைச் சொறிந்தான். "நாம எதுக்கு முதல்ல பேசணும்னு விட்டுட்டேன்."

"அந்த ஒரு வார்த்தைய முழுங்கினதுக்கு ஊரையே கூப்பிட்டுக் கத்த வேண்டியதாப் போச்சு" என்றார் இவர். "கடைசியில அவனே வந்து பேசினான்."

"நானா? நீங்கதான் மாமா, 'காத்து வருமா மாப்ளே'ன்னு கேட்டீங்க."

"அது பேச்சா? அது உயிர்ப் பயம்."

யார் முதலில் பேசியது என்பது இன்றுவரை தீரவில்லை. ஆனால் நடந்தது இதுதான். கத்தி ஓய்ந்து, பேச விஷயம் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, தம்பி தானாகச் சொல்லியிருக்கிறான்: ஷோரூம் திறந்த அன்றைக்கு எல்லாரும் போன பிறகு ஏணி போட்டு ஏறிப் பார்த்தானாம். அவசரத்தில் மாட்டியதில் பிடிமானம் ஒரு நூல் கோணல். இடது மூலை மங்கல்தானாம்.

"அத அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"எப்படிக்கா சொல்றது? வாய விட்டுட்டேன்ல."

இவர் பூதக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "மூலை மங்கல்னு சொன்னது சரி. ஆனா அத அவன் காதுல சொல்லியிருக்கணும். என் கடையில வந்து எவனாவது அப்படிக் கத்தினா நான் சும்மா விடுவேனா?" என்றார். சொல்லிவிட்டு, என்னமோ கோபம் வந்தவர் போல, "சரி, படத்த போடு" என்று மூன்று நாற்காலிகளில் நடு நாற்காலியை எனக்குக் காட்டினார்.

"இனி உன் பொண்ணு காலேஜ் விட்டு வந்துதான் திறக்கணும்" என்றான் தம்பி. "அதுவரைக்கும் ஒரு முழுப்படமே பாத்துடலாம்."

விளக்கு அணைந்தது. அப்படி ஒரு இருட்டை நான் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன். இரண்டு பேரும் கண்ணுக்குத் தெரியவில்லை. திரையில் ஒரு மலைப்பாதையில் மழை இறங்கியது. ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுந்தது, நான்கு மூலையிலும். உண்மையைச் சொன்னால் படத்தின் கதை என்ன என்று எனக்குத் தெரியாது. என் தலைக்கு மேலாக, "அந்தக் கறுப்பப் பாத்தீங்களா மாமா", "பாத்தேன், ஆனா சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு மாப்ளே", "சிவப்பு சரியாத்தான் இருக்கு மாமா", "கண்ணு என்னுதா உன்னுதா" என்று அவர்கள் சண்டை போட்டதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று தம்பியிடம் கேட்க நினைத்தேன். அதற்குள் இவரே, "ஞாயித்துக்கிழமை வந்து அந்தச் சிவப்ப சரி பண்ணிடு" என்றார். "சரி மாமா" என்றான் அவன்.

ஏப்ரன் பைக்குள் கையை விட்டேன். கைப்பிடி பத்திரமாக இருந்தது. பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. நல்ல ஏப்ரன், கறை போகாது. போனால் போகட்டும் என்று கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டேன். படம் முடிகிறவரை நான் வாயே திறக்கவில்லை.