படத்துக்காக வெட்டிய கிளை

செல்வகுமாரிக்கு அரிகரன் மேல் வந்த கோபத்தில் பாதி, தன் மேலேயே வந்த கோபம்.

பாகூர் ஏரி சித்திரையிலேயே வற்றிவிட்டதால், ஞாயிறுதோறும் அங்கே பறவை பார்க்கும் கூட்டம் இந்த வருஷம் செஞ்சிப் பக்கத்துப் பாறைமலைக்குக் கிளம்பியது. போன வாரம் அங்கே கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் விலகி நடந்த செல்வகுமாரியின் கண்ணில்தான் மஞ்சள்தொண்டைச் சின்னானின் கூடு பட்டது. பாறை இடுக்கில் ஒரு புதர், அதற்குள் இரண்டு குஞ்சுகள். வருஷக்கணக்காகத் தேடியவர்களுக்கே அகப்படாத பறவை, கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவளுக்கு அகப்பட்டுவிட்டது. அதைக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். "போட்டோ இருக்கா?" என்றார்கள். இல்லை. சாதாரணச் சின்னானைப் பார்த்து ஏமாந்திருப்பாள் என்று ஒருவர் எழுத, ஆறு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது குழுவின் முதல் விதி. அவள் அரிகரனுக்குச் சொன்னாள். அதே குழுவில் இருக்கும் வில்லியனூர்க்காரன், பெரிய லென்ஸ் வைத்திருப்பவன், அக்கா அக்கா என்று உருகுகிறவன். ஞாயிற்றுக்கிழமை அவளும் வந்த பிறகு, தூரத்திலிருந்து ஒரே ஒரு படம் என்று பேச்சு.

பஸ் மாறி வந்து அவள் மலையேறியபோது மணி எட்டு. பாறை அதற்குள் காலைச் சுட்டது. புதரை நெருங்கிப் பார்த்தாள். கூட்டை மறைத்திருந்த கிளைகளை யாரோ அறுத்துக் கீழே போட்டிருந்தார்கள். நேர் வெயிலில் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. எதிரே, பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு கேமராவோடு அரிகரன். பக்கத்தில் அவன் போனிலிருந்து, தாயை வரவழைக்க, பதிவுசெய்த சின்னானின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. தாய்ப்பறவை தள்ளி ஒரு பாறையில் தவித்ததே தவிர, கிட்ட வரவில்லை.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?"

"மெதுவா பேசுக்கா. இலை மறைச்சுது, ஃபோகஸ் ஆவல. அஞ்சு நிமிஷம்."

"எப்ப வெட்ன?"

"ஆறு மணிக்கு. அப்ப லைட்டு நல்லாருந்துச்சு."

இரண்டு மணி நேரம்! போனைப் பிடுங்கி அணைத்தாள். அவன் மேலிருந்த துணியை உருவினாள்.

"அக்கா, ஸ்டாண்டு வுழுதுக்கா!"

விழட்டும், உடைந்து தொலையட்டும். மிச்சமிருந்த கிளைகளில் துணியைக் கட்டிக் கூட்டுக்கு மேலே நிழல் செய்தாள். பிறகு, கேமராவும் கையுமாக நின்ற அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் ஐம்பதடி தள்ளி உட்காரவைத்தாள்.

"வாயத் தொறந்த, இங்கேந்தே உருட்டி வுட்ருவேன்."

பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள். கால் மணி கழித்துத் தாய் வந்தது, அலகில் பச்சைப் புழுவோடு. ஒரு வாய்தான் திறந்தது. இன்னொன்றின் தலை கூட்டின் விளிம்பில் தொங்கியது. தாய் அதன் வாயருகேயும் புழுவைக் கொண்டுபோனது. மறுபடியும் கொண்டுபோனது.

அரிகரன் தலையைக் குனிந்துகொண்டு லென்ஸை மூடப் போனான்.

"மூடாத. எடு."

"வேணாம்க்கா."

"எட்றா! இப்பதான் இலை மறைக்கலியே, நல்லா ஃபோகஸ் ஆவுமே. எடுத்து குரூப்புல போடு. வெட்னவன்னு உன் பேரப் போடு. எடத்த காட்டிக் குடுத்தவள்னு என் பேரயும் போடு."